புழு செய்த பாலை: அருப்புக்கோட்டை, திருச்சுழி வறள்நிலத்திலிருந்து ‘ட்யூன்’ நாவலை வாசித்தல்

1. கேள்வி

ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் ‘ட்யூன்’ நாவல் 1965இல் நூலாக வந்தது. அதன் சமர்ப்பணத்தில் அரசர்களோ நண்பர்களோ இல்லை. வறள்நிலச் சூழலியலாளர்கள் எந்த ஊரில், எந்தக் காலத்தில் உழைத்தாலும் அவர்களுக்கே அந்த நூல் என்கிறார் ஆசிரியர். அறிவியல் புனைவு உலகின் மிகப் பெயர்பெற்ற பாலைவிலங்கு இந்த நாவலில்தான் இருக்கிறது. அராக்கிஸ் என்னும் கோளின் மணலுக்கடியில் ஊர்ந்து திரியும் மணற்புழு அது. ஆழ்பாலையில் 400 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள புழுக்கள் உண்டு என்று நாவலின் பின்னிணைப்பு சொல்கிறது. அங்குள்ள பழங்குடிகளான ஃப்ரெமன்கள் அதை ஷாய்-ஹுலூத் என்று வணங்குகிறார்கள். கொக்கி போட்டு அதன் முதுகில் ஏறிச் சவாரியும் செய்கிறார்கள்.

அந்தச் சமர்ப்பணம் குறிப்பிடும் ஆட்கள் நம்மிடையேயும் உண்டு. அருப்புக்கோட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கரிசல் மானாவாரிக்கான ஆய்வு கோவில்பட்டியில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. எனவே ‘ட்யூன்’ நாவலை இந்த நிலத்தில் நின்று வாசிப்பது வலிந்து செய்யும் ஒப்பீடு ஆகாது. ஆசிரியர் விடுத்த அழைப்பை ஏற்பதுதான்.

இக்கட்டுரை ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது: மணற்புழு பாலையின் விளைவா, பாலைக்குக் காரணமா? நாவல் இதற்குத் தரும் விடை வியப்பானது. அந்த விடையை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் கண்மாய்களோடும் சீமைக் கருவேலத்தோடும் வைத்துச் சோதித்தால் எது தேறுகிறது, எது தேறவில்லை என்று பார்ப்பதே நோக்கம்.

2. இதுவரையான வாசிப்புகள்

‘ட்யூன்’ பற்றிய வாசிப்புகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது அரசியல் வாசிப்பு. அராக்கிஸில் மட்டுமே கிடைக்கும் மெலாஞ்ச் என்னும் போதைதரும் நறுமணப் பொருள் எண்ணெயைக் குறிக்கிறது; ஃப்ரெமன்கள் மேற்காசியப் பாலைமக்களைக் குறிக்கிறார்கள். எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பு 1960இல் தோன்றியதையும், நாவல் 1963 முதல் ‘அனலாக்’ இதழில் தொடராக வந்ததையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வாசிப்புக்கு வலு உண்டு. இரண்டாவது சமய வாசிப்பு. மீட்பர் ஒருவர் வருவார் என்ற நம்பிக்கை எப்படி விதைக்கப்படுகிறது, வந்தவர் எப்படிப் பேரழிவாகிறார் என்று அது கேட்கிறது. 1969இல் வந்த அடுத்த நாவலான ‘ட்யூன் மெசையா’ இந்த வாசிப்பை உறுதிப்படுத்துகிறது.

மூன்றாவது சூழலியல் வாசிப்பு. கைன்ஸ் என்னும் கோள் சூழலியலாளர் அராக்கிஸைப் பசுமையாக்கத் தலைமுறைக் கணக்கில் திட்டமிடுகிறார். கோளின் பசுந்தாவரங்களில் 3 விழுக்காட்டைக் கரிமச் சுழற்சிக்குள் கொண்டுவந்துவிட்டால் பிறகு அது தானே இயங்கும் என்பது அவர் கணக்கு. ஆனால் இந்த வாசிப்பைக் கைக்கொள்பவர்களும் பெரும்பாலும் கைன்ஸின் கனவோடு நின்றுவிடுகிறார்கள். மரம் நடுவது நல்லது என்ற பொதுப்பாடம் அதிலிருந்து எளிதில் கிடைத்துவிடுவதே காரணம்.

டேவிட் லிஞ்ச் 1984இலும், டெனி வில்நெவ் 2021, 2024 ஆண்டுகளிலும் எடுத்த திரைப்படங்கள் புழுவின் உருவத்தைப் பெருக்கிக் காட்டின. திரையில் பெரியது எது என்பதே முக்கியமாகிவிட்டது. நாவலில் உள்ள உயிரியல் சுழற்சியின் மையம் பெரும்புழு அன்று; அதற்கு முந்தைய சிறு பருவம். அது திரையில் பெருமளவு மறைந்துபோயிற்று. இந்தச் சிறு பருவத்தில்தான் நம் கேள்விக்கான விடை இருக்கிறது. அதற்குமுன், பெரும்புழு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

3. உருவத்தின் எல்லை

உருவம் பெருக்கும்போது எடையும் வலிமையும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்பதைக் கலிலியோ 1638இல் எழுதினார். ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926இல் அதே கருத்தைப் பொதுவாசகர்களுக்கான கட்டுரையாக்கினார்; பிற்காலத்தில் இந்தியாவில் குடியேறி 1964இல் புவனேசுவரில் காலமான அதே ஹால்டேன்தான். உடல் விகிதம் மாறாமல் நீளம் 13 மடங்கானால் எடை 2,197 மடங்காகும். தாங்கும் தசையின் குறுக்குப்பரப்பு 169 மடங்குதான் ஆகும். இன்று வாழும் விலங்குகளில் மிகப் பெரியதான நீலத் திமிங்கிலம் ஏறக்குறைய 30 மீட்டர். அதைத் தண்ணீர் தாங்குகிறது. மணலுக்கு அந்தக் குணம் இல்லை. அது உராயும், அமுக்கும்.

மண்புழு வகையிலும் பேருருவங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்து மண்புழு ஒரு மீட்டர் அளவுக்கு வளர்கிறது. கேரளத்தின் நிலம்பூர்ப் பகுதியின் பெருமண்புழுவும் அந்த அளவை எட்டுகிறது. இவை வாழ்வதெல்லாம் ஈரமண்ணில். தோல் வழியாக மூச்சுவிடும் உயிருக்குத் தோல் நனைந்தே இருக்க வேண்டும். ஆகவே வறட்சியும் பெரும்புழுவும் ஒன்றுக்கொன்று பகை. ஹெர்பர்ட் இதை அறியாமல் எழுதவில்லை, வேண்டுமென்றே தலைகீழாக்கினார். அவருடைய புழுவுக்குத் தண்ணீர் நஞ்சு.

மணலில் நீந்துவது என்ற பகுதி மட்டும் உண்மைக்கு அருகில் நிற்கிறது. வட ஆப்பிரிக்கப் பாலையில் வாழும் ஒருவகை அரணை மணலுக்குள் புகுந்ததும் கால்களை உடலோடு ஒட்டிக்கொண்டு, உடலை அலைபோல் நெளித்தே முன்னேறுகிறது என்று ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2009இல் எக்ஸ்-கதிர்ப் படங்களால் காட்டினார்கள். நம் வறள்நிலத்தில் அந்த இடத்தில் இருப்பது மண்ணுளிப் பாம்பு. ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் நஞ்சற்ற பாம்பு. தளர்ந்த மண்ணுக்குள் புதைந்து கிடந்து எலியைப் பிடிக்கும். வாலும் மழுங்கியிருப்பதால் இருதலைப் பாம்பு என்றும் பெயர். அதற்கு மந்திர சக்தி உண்டு, அதிர்ஷ்டம் தரும் என்ற நம்பிக்கையை வைத்து, எடை கூடக்கூட விலை கூட்டிக் கள்ளச்சந்தையில் விற்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இது குற்றம். பிடிபடும் செய்திகள் இன்றும் வருகின்றன. பாலைவிலங்கின் உடலில் இல்லாத ஆற்றலை ஏற்றி, அதற்குப் பெருவிலை வைப்பது புனைவுலகின் வழக்கம் மட்டும் அன்று என்பதற்கு இது போதும்.

ஆக, 400 மீட்டர் விலங்காக மணற்புழு தேறாது. ஒரு கருதுகோளாக அது தேறுமா என்பதே இனிப் பார்க்க வேண்டியது.

4. மணல்மீன்: நாவலின் உண்மையான கருதுகோள்

அராக்கிஸின் பெரும்புழு தொடக்கத்தில் கையளவு உயிர். ஃப்ரெமன் சிறுவர்கள் பிடித்து விளையாடும் அளவு. ஆங்கிலத்தில் ஒரு மீனின் பெயரால் அழைக்கப்படும் இதை இங்கே மணல்மீன் என்று குறிப்பிடுகிறேன். மணல்மீன்கள் ஒன்றோடொன்று உடலைக் கோத்துக்கொண்டு, நிலத்தடியில் கிடைக்கும் தண்ணீரைச் சுற்றிச் சுவரெழுப்பி அடைத்துவிடுகின்றன. அடைபட்ட நீரில் அவற்றின் கழிவு கலந்து நொதிக்கிறது. அழுத்தம் மிகுந்து ஒருநாள் மேலே வெடிக்கிறது. வெயிலும் காற்றும் பட்ட அந்தப் பொருள்தான் மெலாஞ்ச். வெடிப்பில் பிழைக்கும் சில மணல்மீன்கள் வளர்ந்து புழுவாகின்றன. புழு சிதறடிக்கும் மெலாஞ்சை மணலில் வாழும் நுண்ணுயிர்கள் உண்கின்றன, அந்த நுண்ணுயிர்களைப் புழு உண்கிறது, எஞ்சியவை மணல்மீனாகின்றன.

இந்த வட்டத்தில் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, கோள் வறண்டிருப்பதற்குக் காரணம் மழையின்மை மட்டும் அன்று. ஓர் உயிர் தண்ணீரைப் பூட்டி வைத்திருக்கிறது. அராக்கிஸில் ஒருகாலத்தில் திறந்த நீர்ப்பரப்பு இருந்ததற்கு உப்புப் படுகைகள் சான்று என்று கைன்ஸ் கண்டறிகிறார். 1976இல் வந்த ‘சில்ட்ரன் ஆஃப் ட்யூன்’ இன்னும் ஒரு படி மேலே போய், மணல்மீன் அந்தக் கோளுக்கே உரிய உயிர் அன்று, வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்தது என்று சொல்கிறது. இரண்டாவது, அந்தக் கோளின் ஒரே செல்வம் அந்த வறட்சியின் விளைபொருள். மூன்றாவது, இவ்விரண்டிலிருந்தும் பிறக்கும் சிக்கல்: கோளைப் பசுமையாக்கினால் புழு சாகும், புழு செத்தால் செல்வம் போகும். 1981இல் வந்த ‘காட் எம்பரர் ஆஃப் ட்யூன்’ நாவலில் இதுதான் நடக்கிறது. பாலை ஒரு சிறு காப்பிடமாகச் சுருங்கிவிட, மிச்சமுள்ள மெலாஞ்ச் ஒருவன் கையில் குவிந்து, அவன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எல்லோரையும் ஆள்கிறான்.

வந்தேறிய ஓர் உயிர் நிலத்தின் நீரைப் பிடித்துக்கொள்கிறது. அந்த உயிரே மக்களுக்குப் பிழைப்பும் தருகிறது. அதை அகற்றினால் நீர் வரலாம், பிழைப்பு போகும். ‘ட்யூன்’ முன்வைக்கும் கருதுகோளின் சாரம் இது. இதை நிலத்தில் வைத்துப் பார்க்க அருப்புக்கோட்டையைவிடப் பொருத்தமான இடம் அரிது.

5. வறள்நிலம், பாலை அன்று

முதலில் ஒரு திருத்தம். விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறக்குறைய 800 மி.மீ. பாலைவனம் என்று புவியியலாளர்கள் வழக்கமாகக் குறிக்கும் நிலங்கள் 250 மி.மீ.க்கும் குறைவாக மழை பெறுபவை. இங்கே பெய்யும் மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில், சில நாட்களில் கொட்டி முடிந்துவிடும். மீதி மாதங்களில் வெயில். பெய்ததைவிட ஆவியாகிப் போவது அதிகம். மழையில்லாத நிலம் என்பதைவிட, மழையைத் தேக்கினால் மட்டுமே வாழக்கூடிய நிலம் என்பதே சரியான விவரிப்பு.

தமிழ் மரபு இந்த வேறுபாட்டை முன்பே கண்டிருக்கிறது. தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. சிலப்பதிகாரம், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலை என்ற வடிவம் கொள்ளும் என்கிறது. அதாவது பாலை நிலத்துக்கு நேர்ந்த ஒரு நிலைமை. நேர்ந்ததற்குக் காரணம் உண்டு, அது மாறவும் கூடும். அராக்கிஸின் உப்புப் படுகையைப் பார்த்து இந்தக் கோள் எப்போதும் இப்படி இருக்கவில்லை என்று கைன்ஸ் சொல்வதும் இதே வகைச் சிந்தனைதான்.

இந்நிலத்தின் மண்ணைப் பற்றியும் ஒரு சொல். கரிசல் ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண். கோடையில் ஒரு மீட்டர் ஆழம் வரைகூட வெடிப்பு விடும். மேல்மண் வெடிப்புக்குள் சரிந்து விழும். அடுத்த மழையில் அடிமண் உப்பி மேலே தள்ளும். மண்புழு செய்யும் உழவின் ஒரு பகுதியைக் கரிசல் தானே செய்துகொள்கிறது. வறண்ட மாதங்களில் மண்புழு அடங்கிக் கிடக்க, செத்தையையும் மரத்தூளையும் மண்ணாக்கும் வேலையைக் கரையான் பார்க்கிறது. சார்லஸ் டார்வின் 1881இல் மண்புழுக்களைப் பற்றி எழுதிய நூலில், ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 10 டன்னுக்கும் மேற்பட்ட மண் அவற்றின் உடல் வழியே போய் வருகிறது என்று மதிப்பிட்டார். சிறிய உயிர்களின் கூட்டுச் செயல் நிலவடிவையே மாற்றும் என்பது அந்நூலின் வாதம். ஹெர்பர்ட்டின் மணல்மீன் அந்த வாதத்தின் இருண்ட மறுபக்கம்.

6. மண்ணுக்கடியில் உள்ள பேருரு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வழியாகக் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் போகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது சீமைக் கருவேலம். ஊரார் வாயில் வேலிக்கருவை. தரிசிலும் ஓடைக்கரையிலும் கண்மாய் உள்வாயிலும் குண்டாற்றுப் படுகையிலும் அது அடர்ந்து நிற்கிறது. நம் வறள்நிலத்தில் மண்ணுக்கடியில் வாழும் பேருரு எது என்று கேட்டால் விடை இந்த மரத்தின் வேர்தான். அமெரிக்காவின் அரிசோனாவில், டூசான் நகருக்கருகே திறந்தவெளிச் சுரங்கம் தோண்டியபோது இந்தப் பேரினத்தைச் சேர்ந்த மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டதாக 1960களில் பதிவாகியிருக்கிறது. தாவர உலகில் அறியப்பட்ட மிக ஆழமான வேர்களில் அது ஒன்று.

மணல்மீனைப் போலவே இதுவும் வந்தேறி. மத்திய, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் விதையைத் தருவிக்க வேண்டும் என்று சென்னை மாகாண வனத்துறையின் பெடோம் 1876இல் அரசுக்கு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதை 1877இல் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டது. தாது வருடப் பஞ்சம் மாகாணத்தை வாட்டிய அதே ஆண்டுகள் அவை. தென்மாவட்டங்களில் இது விடுதலைக்குப் பின்னர்தான் பரவலாயிற்று. விமானத்திலிருந்து விதை தூவினார்கள் என்று ஊர்தோறும் ஒரு கதை உண்டு. அந்தக் கதை இல்லாமலேயே பரவலை விளக்க முடியும்: இனிப்பான நெற்றை ஆடு தின்கிறது, புழுக்கையோடு விதை விழுகிறது, குடலில் பதப்பட்ட விதை எளிதில் முளைக்கிறது. மேய்ச்சல் ஆடு போகும் இடமெல்லாம் மரமும் போகும்.

மெலாஞ்சுக்கு இணையும் இங்கே உண்டு. வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, வைக்கோலும் தழையும் போட்டு, மண் பூசி மூடி, காற்றை அளந்து விட்டுப் பல நாள் புகையவிட்டால் கரி கிடைக்கும். இதற்குக் கரிமூட்டம் என்று பெயர். மழை பொய்த்த ஆண்டில் வெள்ளாமை கைவிட்ட குடும்பத்துக்கு மூட்டம் போடுவதும் விறகு வெட்டுவதும்தான் கூலி. வெட்ட வெட்டத் தழைக்கும் மரம் என்பதால் சில ஆண்டுகளில் மறு வெட்டுக்கு வந்துவிடும். உரம் வேண்டாம், பாய்ச்சல் வேண்டாம். சொந்த நிலத்தைத் தரிசாகப் போட்டு, கருவையைக் குத்தகைக்கு வெட்ட விடுவதே லாபம் என்று கணக்குப் போடும் நிலைமை இப்படித்தான் வந்தது. வறட்சி நீடித்தால் கருவை பெருகும். கருவை பெருகினால் கரி பெருகும். கரி கைகொடுப்பதால் நிலத்தை மீட்கும் அவசரம் குறையும். அராக்கிஸின் வட்டம் ஏறக்குறைய அப்படியே இங்கே சுழல்கிறது.

7. முதற்காரணம் எது?

ஒப்புமை இந்த அளவுக்குப் பொருந்துவதாலேயே அதைச் சந்தேகத்தோடு அணுக வேண்டும். அராக்கிஸில் உயிர் முதலில் வந்தது. வறட்சி பின்னால் வந்தது. இங்கேயும் அந்த வரிசைதானா?

ஆம் என்பவர்களின் வாதம் பரவலானது: சீமைக் கருவேலம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, காற்றின் ஈரத்தையும் குடித்துவிடுகிறது, அதனால் மழையே பொய்க்கிறது. இதில் முதல் பகுதிக்கு ஆதாரம் உண்டு. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் நடந்த அளவீடுகள் இம்மரக்கூட்டம் ஆண்டு முழுதும் கணிசமான நீரை வெளியேற்றுவதைக் காட்டின. பிற செடிகளின் முளைப்பை இதன் இலைச்சருகு தடுக்கிறது என்ற ஆய்வுகளும் உள்ளன. ஆனால் காற்றின் ஈரத்தைக் குடித்து மழையைத் தடுக்கிறது என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. வடகிழக்குப் பருவமழையைத் தீர்மானிப்பது வங்கக் கடல். கண்மாய்க்குள் நிற்கும் மரம் அதைத் தடுக்கும் என்பது மரத்துக்கு ஷாய்-ஹுலூத்தின் இடத்தைத் தருவதாகும்.

இன்னொரு தரப்பின் வாதம் வரிசையைத் திருப்பிப் போடுகிறது. கண்மாய் பெருகிய ஆண்டில் அதன் நீர்ப்பிடிப்பில் கருவை முளைத்து நிலைப்பது கடினம். தூர்வாராமல் மேடுதட்டி, வரத்துக்கால் அடைபட்டு, மடை பழுதாகி, ஆண்டில் பல மாதங்கள் வறண்டு கிடக்கும் கண்மாயில்தான் அது குடியேறுகிறது. குடியேறியபின் வண்டலைப் பிடித்து மேட்டை உயர்த்துகிறது. அடுத்த வெள்ளம் கலுங்கு வழியே விரைவாக வெளியேறிவிடுகிறது. இந்த வாதத்தின்படி மரம் விளைவாகத் தொடங்கிப் பின்னர் காரணமாக மாறுகிறது.

கண்மாயின் வரலாறு இரண்டாவது தரப்புக்கே வலுச் சேர்க்கிறது. டேவிட் மாஸ் 2003இல் வெளியிட்ட ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ என்ற நூல் இராமநாதபுரம், சிவகங்கைச் சமவெளியின் கண்மாய்களை ஆராய்ந்தது. கண்மாய்ப் பராமரிப்பு ஊரின் தன்னிச்சையான ஒற்றுமையால் மட்டும் நடந்ததில்லை. ஆட்சியாளரின் கொடை, உரிமை, மரியாதை ஆகியவற்றோடு பின்னிக் கிடந்தது. அந்த அரசியல் குலைந்தபோது பராமரிப்பும் குலைந்தது என்பது அதன் முக்கிய வாதம். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தபின் கண்மாய்கள் அரசிடம் வந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனமுள்ளவை பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் பிரிந்தன. ஒரு கண்மாய் நிரம்பி அடுத்ததற்கு வழியும் சங்கிலித்தொடரில், மேல் கண்மாய் ஒரு கையிலும் கீழ் கண்மாய் இன்னொரு கையிலும் ஆயின. பின்னர் ஆழ்துளைக் கிணறு வந்தது. வசதியுள்ளவர் கண்மாயை நம்ப வேண்டியதில்லை என்றாயிற்று. கருவை நுழைந்த வாசல் இப்படித் திறந்தது.

ஆகவே ‘ட்யூன்’ கருதுகோள் இங்கே பாதிதான் தேறுகிறது. உயிரும் வறட்சியும் பிழைப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் வட்டம் மெய். அந்த வட்டத்தைத் தொடங்கி வைத்தது உயிர் என்பது மெய்யன்று. அராக்கிஸில் மணல்மீனைக் கொண்டுவந்தவர் யார் என்பதற்கு விடையில்லை. இங்கே விதை தருவித்த கடிதத்துக்கு ஆண்டு உண்டு, கண்மாயைக் கைவிட்டதற்கு நிர்வாக வரலாறு உண்டு. மரத்தைப் பேருருவாக்கிப் பழி சுமத்தும்போது மறைவது இந்த வரலாறுதான்.

8. ஒரிகனின் புல்

ஹெர்பர்ட்டின் கருதுகோள் எங்கிருந்து பிறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1957இல் அவர் ஒரிகன் மாநிலக் கடற்கரையில் உள்ள ஃப்ளோரன்ஸ் என்ற ஊருக்குப் போனார். சாலைகளையும் வீடுகளையும் மூடிக்கொண்டு நகரும் மணற்குன்றுகளை அமெரிக்க வேளாண்மைத் துறை ஒருவகைப் புல்லை நட்டு நிறுத்திக்கொண்டிருந்தது. நகரும் மணலை நிறுத்திய கதையைக் கட்டுரையாக எழுத அவர் திட்டமிட்டார். கட்டுரை முடியவில்லை, சேர்த்த குறிப்புகள் வளர்ந்து நாவலாயின.

அந்தப் புல்லின் பின்கதைதான் நமக்கு முக்கியம். அது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த கடற்கரைப் புல். மணலை நிறுத்தும் வேலையை அது அளவுக்கு மீறிச் செய்தது. குன்றுகள் இறுகின, பின்னால் புதர் மண்டியது, திறந்த மணலில் முட்டையிடும் வெண்பனி உப்புக்கொத்திப் பறவை இடமிழந்தது. அப்பறவையின் பசிபிக் கரைக் கூட்டம் 1993இல் அச்சுறுத்தலுக்குள்ளான உயிர்களின் பட்டியலில் சேர்ந்தது. நட்ட அதே அரசு இன்று அந்தப் புல்லை அகற்றப் பணம் செலவிடுகிறது.

கமலாபுரத்து விதையும் ஃப்ளோரன்ஸ் புல்லும் ஒரே கதையின் இரண்டு பதிப்புகள். இரண்டிலும் நோக்கம் நல்லது: ஒன்றில் விறகு, இன்னொன்றில் மணல் தடுப்பு. இரண்டிலும் வெளியிலிருந்து வந்த ஒற்றை உயிரைக் கொண்டு நிலத்தைத் திருத்த முயன்றார்கள். கென்யாவின் பரிங்கோ ஏரிப் பகுதியில் 1980களில் இதே கருவேலம் நடப்பட்டதும், நெற்றைத் தின்று பல் போன ஆட்டோடு அங்குள்ள மக்கள் அரசின்மீது வழக்குத் தொடுத்ததும் மூன்றாவது பதிப்பு. ஹெர்பர்ட் நாவல் எழுதியபோது ஒரிகன் புல் வெற்றிக்கதையாகத்தான் இருந்தது. ஆயினும் பசுமையாக்கலே ஒரு பேரிழப்பைக் கொண்டுவரும் என்ற திருப்பத்தை அவர் நாவலுக்குள் வைத்தார். அவருடைய கற்பனையின் உண்மையான வீச்சு புழுவின் நீளத்தில் இல்லை. இந்தத் திருப்பத்தில் இருக்கிறது.

9. முடிவு

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது, 2017இன் தொடக்க மாதங்களில் தென்மாவட்டங்களில் பொக்லைன் இயந்திரங்கள் வேகமாக இறங்கின. அவ்வாண்டிலேயே தலைமை நீதிபதி அமர்வு அதற்கு இடைக்காலத் தடை விதித்து, அறிவியல் கருத்து கேட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு அந்நிய ஊடுருவல் தாவரங்கள் பற்றிய கொள்கையை வகுத்தது. மரத்தை வேரோடு பிடுங்குவதா, விட்டுவைப்பதா என்ற இருமுனை விவாதம் மெல்ல நகர்ந்து, பிடுங்கிய இடத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு வந்திருக்கிறது. இது முன்னேற்றம்தான். ஆனால் மேலே கண்ட வட்டத்தின் ஒரு கண்ணியை மட்டுமே இது தொடுகிறது.

ஆய்வின் முடிவுகளை மூன்றாகத் தொகுக்கலாம். பெரும்புழு உயிரியல் அளவில் இயலாதது; ஈரத்தோடு பிறந்த மண்புழுவைத் தலைகீழாக்கிய உருவகம் அது. நாவலின் வலுவான கருதுகோள் மணல்மீனிடம் இருக்கிறது. நிலத்தின் வறட்சியையும் மக்களின் வருவாயையும் ஒரே உயிர் ஏந்தி நிற்கும் பொறியை அது காட்டுகிறது, அந்தப் பொறி திருச்சுழி வட்டாரத்தில் கண்கூடு. அந்த உயிரையே முதற்காரணமாக்கும் இடத்தில் கருதுகோள் இங்கே பொய்க்கிறது. தூர்ந்த கண்மாயும் பிரிந்த நிர்வாகமும் மரத்துக்கு முன்பே வந்துவிட்டன.

இவற்றிலிருந்து நடைமுறைக்கு ஒரு வரிசை கிடைக்கிறது. கண்மாயில் நீர் நிற்க வழி செய்யாமல் மரத்தை மட்டும் அகற்றினால் சில ஆண்டுகளில் அது திரும்ப வரும். கரிமூட்டத்தை நம்பும் குடும்பங்களுக்கு மாற்று வருவாய் வருமுன் மரத்தை ஒட்டுமொத்தமாக அகற்றினால், எஞ்சிய விறகும் கரியும் பெரிய குத்தகைக்காரர் கைக்குப் போகும். ‘காட் எம்பரர்’ நாவல் சித்திரிக்கும் நிலையின் சிறு வடிவம் அது. எனவே வரத்துக்கால், மடை, வண்டல் ஆகியவற்றில் தொடங்கி, நீர் நிற்கும் கண்மாய்களில் முதலில் மரத்தை எடுத்து, தரிசு நிலத்தில் உள்ளதை மானாவாரிப் பயிர் திரும்பும் வேகத்துக்கு ஏற்பப் படிப்படியாகக் குறைப்பதே அறிவுடையது. வறள்நிலத்தைப் பசுமையாக்க வரும் எந்தத் திட்டத்திடமும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: இன்றைய வறட்சியால் பிழைப்பவர் யார், நாளை அவர் எதைக் கொண்டு பிழைப்பார்? இவற்றுக்கு விடையில்லாத திட்டம், எவ்வளவு மரம் நட்டாலும் எவ்வளவு மரம் பிடுங்கினாலும், 1877இல் கமலாபுரத்தில் செய்த அதே பிழையை மறுபடியும் செய்கிறது.